போலீஸ் மீது புகார்: உயர் நீதிமன்ற ரிட்டா, மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகாரா?

விசாரணை என்று சொல்லி என் தம்பியைக் கூட்டிப்போய் அடித்து அனுப்பினார்கள். மேலதிகாரிக்குக் கொடுத்த புகாருக்கு இரண்டு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: "விசாரித்ததில் முகாந்திரம் இல்லை." அந்த முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் (அதிகாரிகளுக்கு உத்தரவு போடச் சொல்லும் மனு) போடலாம், இல்லை, போலீஸைத் தாண்டி நேரடியாக மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகார் கொடுக்கலாம். நாங்கள் இரண்டாவதைத்தான் எடுத்தோம். யார் கேட்டாலும் இன்றும் அதையே சொல்வேன்.

ரிட்டின் பலம் தெரிந்ததுதான். விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்ற உயர் நீதிமன்றத்தால் முடியும், மாஜிஸ்திரேட்டால் முடியாது. காவலில் மரணம் என்றால் யோசிக்கவே வேண்டாம். 2020இல் சாத்தான்குளம் வழக்கை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே கையில் எடுத்தது.

ஆனால் அடி, மிரட்டல் என்றால்? அடித்தாரா இல்லையா என்ற தகராறுக்குள் ரிட் நீதிமன்றம் பொதுவாக இறங்காது. எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போங்கள் என்று 2008இல் சகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ரிட் போட்டாலும் பல நேரம் "மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்கவும்" என்ற உத்தரவோடு கோப்பு அதே போலீஸ் அதிகாரியின் மேசைக்கே திரும்பும்.

சாட்சியம் யார் கையில் இருக்கும்? நாங்கள் முடிவெடுத்தது இதை வைத்துத்தான். தனிநபர் புகாரில் மாஜிஸ்திரேட்டே பிரமாண வாக்குமூலம் வாங்குகிறார். "லத்தியா, கையா? நின்றுகொண்டிருந்தீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா?" என்று தம்பியிடம் நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் பதிவு செய்தார். ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டு நகல்) இருந்த இடது முழங்கால் காயம் அதோடு அப்படியே பொருந்தியது. அன்றிரவு அவன் நொண்டி வந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்காவும் வாக்குமூலம் கொடுத்தார். புகாரைத் தள்ளினாலும் மாஜிஸ்திரேட் காரணம் எழுதியாக வேண்டும். அதை வைத்து மேல் நீதிமன்றத்தில் சீராய்வுக்குப் போகலாம். அப்புறம் சிசிடிவி. காவல் நிலையப் பதிவை 18 மாதம், வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைத் தருவிக்கவும் இங்கேயே மனு போடலாம். முதல் வாரமே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இந்த வழியிலும் தாமதம் உண்டு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 223ஆம் பிரிவுப்படி, பணியின்போது நடந்த குற்றம் என்றால் அந்த அதிகாரியின் தரப்பையும் அவருடைய மேலதிகாரியின் அறிக்கையையும் பெற்ற பிறகே மேலே நகரும். எங்கள் வழக்கில் மூன்று வாய்தா போயும் அறிக்கை வரவில்லை. அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி என்ற கட்டத்தை நாங்கள் இன்னும் எட்டவில்லை. அங்கே எப்படி என்பதை அதைக் கடந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.