மக்கும் குப்பை: வாசலில் வாங்குவதா, பொதுத் தொட்டியா, வீட்டிலேயே உரமா?

'இனி மக்கும் குப்பையைத் தனியாக எடுக்கப் போகிறோம்' என்று ஒரு நகரம் அறிவித்ததுமே பேச்சு நேராக ஆலைக்குப் போய்விடுகிறது. உரக்கூடமா, பயோகேஸா, எத்தனை டன், இடம் எங்கே என்று விவாதம் நீள்கிறது. பல நகரங்களின் கதையைப் படித்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது, ஆலை இரண்டாவது கேள்விதான். சமையலறையில் இருக்கும் வாளியில் என்ன விழுகிறது, அதை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதனால் இந்த ஒப்பீட்டை வாளியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இதற்கு ஏன் இவ்வளவு அக்கறை? உணவுக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். அதைக் குப்பைக் கிடங்கில் கொட்டி மேலே மேலே மூடினால் காற்றுப் படாமல் அழுகி மீத்தேன் வருகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். போதாததற்கு அந்த ஈரம் காகிதத்தையும் அட்டையையும் நனைத்து, மறுசுழற்சிக்குப் போக வேண்டியதையும் கெடுத்துவிடுகிறது.

முதல் வழி, வீடு வீடாகப் போய் வாங்குவது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இத்தாலியின் மிலான். 2012 நவம்பரில் நகரத்தின் கால்வாசிப் பகுதியில் தொடங்கி, 2014 ஜூனுக்குள் முழு நகரத்துக்கும் கொண்டுபோனார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள்தொகை, பெரும்பாலும் அடுக்குமாடி வாழ்க்கை. 'அடுக்குமாடியில் இதெல்லாம் நடக்காது' என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

அங்கே கொடுத்த வாளியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 10 லிட்டர்தான் பிடிக்கும். பக்கமெல்லாம் ஓட்டை, உள்ளே மக்கும் பை. பை வழியாகவும் ஓட்டை வழியாகவும் காற்று போய்வருவதால் தோலும் தண்டும் கொஞ்சம் காய்கின்றன, எடை குறைகிறது, நாற்றமும் அடங்குகிறது. மூடி இறுக்கமான சாதாரண வாளியில் இதே கழிவை இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். திறக்கும்போது மூடியின் உள்பக்கம் வியர்த்திருக்கும், அடியில் பழுப்புச் சாறு தேங்கியிருக்கும். அதை ஒருமுறை கழுவியவர் மறுவாரம் பிரிக்காமல் விட்டால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிரச்சாரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை நல்ல வாளிக்குச் செலவழித்தால் பிரிக்கும் பழக்கம் பாதி வந்துவிடும்.

இந்த வழியின் பலவீனம் செலவு. புது வண்டி, புது ஆட்கள், புதுச் சுற்று. ஆனால் ஈரம் போய்விட்டால் மீதிக் குப்பை நாறாது. அதை அடிக்கடி எடுக்க வேண்டியதும் இல்லை. அந்தச் சுற்றைக் குறைக்காமல் புதுச் சுற்றை மட்டும் சேர்க்கும் நகரங்கள்தான் 'கட்டுப்படியாகவில்லை' என்று கைவிடும் நிலைக்குப் போகின்றன.

அடுத்தது பொதுத் தொட்டி. தெருமுனையில் திறந்த தொட்டி வைப்பதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. யார் போட்டது என்று தெரியாத இடத்தில் எல்லாம் விழும். பூட்டிய தொட்டி வேறு கதை. தென் கொரியா 2005-லேயே உணவுக் கழிவைக் குப்பைக் கிடங்கில் கொட்டத் தடை போட்டது. 2013-லிருந்து போடும் அளவுக்கு ஏற்பக் கட்டணம். சியோலின் பல அடுக்குமாடிகளில் ஆர்எஃப்ஐடி தொட்டிகள், அதாவது மின்னணு அட்டையால் வீட்டை அடையாளம் காணும் தொட்டிகள், நிற்கின்றன. அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும், கொட்டியதும் எடை காட்டும், அந்த எடை அந்த வீட்டுக் கணக்கில் ஏறும்.

இதில் எனக்குப் பிடித்தது அபராதம் இல்லாமலே ஒழுங்கு வருவது. எடைக்குக் காசு என்றதும் தண்ணீரை வடித்துவிட்டுப் போடுகிறார்கள். தட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதும் கண்ணில் படுகிறது. வாசலில் வாங்கும் முறை இந்தக் கணக்கைக் காட்டாது. ஆனால் இயந்திரத் தொட்டிக்கு மின்சாரம் வேண்டும், பழுதுபார்க்க ஆள் வேண்டும், முதலீடும் வேண்டும். முழங்கால் வலியோடு மாடி இறங்கிவர வேண்டிய முதியவரையும் நினைக்க வேண்டும். நியூயார்க் கைபேசிச் செயலியால் திறக்கும் தொட்டிகளைத் தெருக்களில் வைத்தது. அப்புறம் 2024 அக்டோபரில் வாசலில் எடுப்பதை நகரம் முழுவதற்கும் விரித்தது. தொட்டியைத் தேடிப் போகிறவர்கள் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள். நகரத்துக்கோ எல்லோருடைய குப்பையும் வேண்டும்.

மூன்றாவது, வீட்டிலேயே உரம். இதன் மேல் எனக்கு அன்பு அதிகம், அதனாலேயே கறாராகச் சொல்கிறேன். முதல் தடவை நான் தோலும் தழையுமாக ஈரத்தை மட்டுமே தொட்டியில் நிரப்பினேன். பத்தே நாளில் கறுப்புக் குழம்பு, அழுகிய முட்டை வாடை. காரணம் எளிது: நுண்ணுயிர்களுக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு, நைட்ரஜன் ஒரு பங்கு என்ற விகிதம் வேண்டும். பச்சைக் கழிவில் நைட்ரஜன் தூக்கல், காற்றுக்கும் இடமில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, காய்ந்த சருகும் கிழித்த அட்டையும் மாற்றி மாற்றி அடுக்கினேன். சில வாரத்தில் கிளறும்போது மழை விட்ட மண்ணின் வாசனை வந்தது. அந்த வாசனைக்காகவே இன்றைக்கும் விடாமல் செய்கிறேன்.

அந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன், நகரத்தின் முழுத் திட்டமாக இது நிற்காது. சின்னக் குவியலில் நோய்க்கிருமிகளை அழிக்கும் சூடு நிலைத்து நிற்காது. அதனால் இறைச்சியும் எலும்பும் எண்ணெய்ப் பண்டமும் வெளியே நின்றுவிடும். ஒழுங்காகக் கிளறாத தொட்டியை அக்கம்பக்கத்தார் பொறுக்க மாட்டார்கள். பலர் சேர்ந்து செய்யும்போது நிலைமை மாறும். கேரளத்தின் ஆலப்புழாவில் குப்பை கொட்டிவந்த இடத்தின் மக்கள் லாரிகளைத் தடுத்தார்கள். வேறு வழியில்லாமல் 2012-ல் நகராட்சி பரவலாக்கப்பட்ட முறைக்கு மாறியது. வீடுகளுக்குச் சின்னப் பயோகேஸ் கலனும், கழிவைப் போட்டு உரமாக்கும் குழாயும், இடமில்லாதவர்களுக்குத் தெருப் பக்கத்தில் காற்றோட்டமான உரத்தொட்டிகளும் வந்தன. அங்கே பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததுதான் முக்கியம். தொட்டியைக் கொடுத்துவிட்டு நகராட்சி திரும்பிப் பார்க்காவிட்டால், அது வேறு எதற்கோ பயன்படும்.

பாத்திரம் கழுவும் தொட்டியின் (சிங்க்) அடியில் கழிவை அரைத்துச் சாக்கடையில் விடும் இயந்திரத்தைச் சிலர் நான்காவது வழியாகச் சொல்வார்கள். கொழுப்பு குழாயில் படியும், தண்ணீர் கூடுதலாகச் செலவாகும். கழிவுநீர் நிலையத்தில் பயோகேஸ் கலன் இல்லையென்றால் சுமை இடம் மாறியதைத் தவிர வேறு பயனில்லை. என் பட்டியலில் இதற்கு இடமில்லை.

இப்போது ஆலைக்கு வரலாம். உரமா, பயோகேஸா என்று எதிரெதிராக நிறுத்துவதே சரியில்லை. உரக்கூடத்துக்குச் சருகும் மரத்துண்டும் வேண்டும், காற்று வேண்டும், 55 டிகிரிச் சூடு வேண்டும். திறந்த நீள்குவியல் என்றால் 15 நாள் அந்தச் சூட்டில் வைத்து, இடையில் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும் என்பது அமெரிக்க விதி. மூடிய கலனில் மூன்று நாள் போதும். பயோகேஸ் கலனுக்குக் காற்று கூடாது, ஈரக் குழைவு வேண்டும். மரத்தை அது செரிக்காது. ஒரு டன் உணவுக் கழிவில் சுமார் 100 கன மீட்டர் வாயு கிடைக்கும், அதில் ஏறக்குறைய 60 சதவீதம் மீத்தேன். மிஞ்சும் சகதியை மறுபடி உரமாக்கலாம். ஆக, சமையலறைக் கழிவு முதலில் பயோகேஸுக்கு, தோட்டக் கழிவு நேராக உரத்துக்கு, கடைசியில் இரண்டும் ஒரே குவியலில் சேரட்டும். சின்ன நகரம், பணம் குறைவு என்றால் உரக்கூடம் மட்டும் போதும்.

இரண்டுக்கும் பொது எதிரி ஒன்று உண்டு. உரம் சலிக்கும் சல்லடையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள்: பழத்தில் ஒட்டிய குட்டி ஸ்டிக்கர், ரப்பர் பேண்ட், ஸ்பூன், பிளாஸ்டிக் பையின் கிழிசல். ஸ்டிக்கர் சல்லடையின் கண்ணிலும் நழுவிப் போய்விடும். 'மக்கும்' என்று அச்சிட்ட பையும் எல்லா இடத்திலும் மக்காது. இஎன் 13432 என்ற ஐரோப்பியத் தரம் ஆலைச் சூழலுக்கானது. வீட்டுக் குவியலில் அந்தப் பை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கலாம்.

மத்தியப் பிரதேசத்தின் இந்தூரை இங்கே சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரியில் அங்கே நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையைக் கையாளும் பயோ சிஎன்ஜி ஆலை (பயோகேஸைச் சுத்திகரித்து வண்டி எரிபொருளாக்கும் ஆலை) திறக்கப்பட்டது. எல்லோரும் ஆலையைத்தான் படம் எடுக்கிறார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாசலில் பிரித்து வாங்கும் பழக்கம் அந்த ஊரில் வேரூன்றியிருந்தது. வரிசை அதுதான்.

சரி, வணிக நிறுவனங்கள்? உணவகம், சந்தை, கேன்டீன் மூன்றிலும் ஒரே வாசலில் நிறையக் கழிவு தினமும் கிடைக்கிறது. ஆகவே அங்கே தொடங்குவதுதான் சுலபம் என்று தோன்றும். ஆனால் உணவுக் கழிவைக் குப்பையோடு போடக் கூடாது என்று சட்டம் போட்டால் மட்டும் நடந்துவிடாது. அமெரிக்காவில் இத்தகைய தடையை முதலில் கொண்டுவந்த ஐந்து மாநிலங்களை ஆராய்ந்த கட்டுரை 2024-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கிடங்குக்கும் எரியுலைக்கும் போகும் குப்பை கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது மாசசூசெட்ஸில் மட்டும்தான், சராசரியாக 7 சதவீதம். அங்கே விதி எளிமையாக இருந்தது, கழிவைக் கொண்டுபோக ஆலைகள் பக்கத்தில் இருந்தன, சோதனையும் நடந்தது. 2014-ல் வாரத்துக்கு ஒரு டன் போடுபவர்களோடு ஆரம்பித்து, 2022-ல் வரம்பை அரை டன்னாக்கினார்கள். பெரியவர்களில் தொடங்கிச் சிறியவர்களுக்கு இறங்கும் இந்த முறை எனக்கு நியாயமாகப் படுகிறது. கலிஃபோர்னியா 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தில் இன்னொரு நல்ல அம்சம்: சாப்பிடத் தகுந்தது முதலில் மனிதருக்குப் போக வேண்டும். எந்த ஆலையையும்விட அது மேல்.

ஒரு நகரம் என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். பெரிய உணவகங்களையும் சந்தைகளையும் முதல் ஆண்டில் எடுங்கள். அதே நேரம் ஒரு பகுதி வீடுகளில் ஓட்டை வாளியோடு வாசல் சேகரிப்பைத் தொடங்கி, பிளாஸ்டிக் கலந்த வாளியை ஒரு சீட்டோடு திருப்பி வைத்துப் பழக்குங்கள். பெரிய அடுக்குமாடிகளுக்கு எடைத் தொட்டி. தோட்டம் உள்ளவர் வீட்டில் உரம் போட்டால் குப்பைக் கட்டணத்தில் சலுகை. மீதிக் குப்பை எடுக்கும் நாட்களைத் தைரியமாகக் குறையுங்கள்.

உணவகங்களுக்குத் தொட்டி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 240 லிட்டர் தொட்டியில் உணவுக் கழிவு நிரம்பினால் எடை 100 கிலோவைத் தாண்டும். காலையில் அதை ஈரத் தரையில் இழுத்து வண்டிக்குக் கொண்டுபோவது ஒரு மனிதர். 120 லிட்டர் தொட்டியே வாங்குங்கள், தேவைப்பட்டால் இரண்டு வையுங்கள்.