விசாரணைக் கோப்பு: தாளிலா, கணினியிலா?

இலங்கையின் ஹட்டன், நுவரெலியா போன்ற ஈரக்குளிர் ஊர்களில் பொலிஸ் நிலையத்தின் தாள் கோப்புக்கு முதல் எதிரி பூஞ்சணம். ஆனாலும் பக்க எண், கையொப்பம், வாக்குமூலத்தை வாசித்துக் காட்டிய குறிப்பு எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. ஒரே பிரதி என்பதுதான் வில்லங்கம். மூலக்கோப்பு சட்ட ஆலோசனைக்குக் கொழும்பு போனால், நிலையத்தில் விசாரணை முடங்கும்.

கணினிக் கோப்பின் பலம் தேடல். அதுவும் உள்ளிடும் விதத்தில்தான் இருக்கிறது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) முகவரியில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். சிங்களத்தில் எழுதிய பெயர் தமிழில் வேறாகும். எனவே அடையாள அட்டை எண்ணால் பதியுங்கள். பழைய எண் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியது 12 இலக்கம். இரண்டையும் இணைக்காவிட்டால் ஒருவரே இருவராகிவிடுவார். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டால், இன்றைய பொதுக் குறியீடான யூனிகோட் தேடலில் சிக்காது.

சாட்சியக் காணொளியைப் பெற்றவுடன் ஷா-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு; கோப்பு மாறினால் அதுவும் மாறும்) எடுத்து, அந்த 64 எழுத்துகளையும் கைப்பற்றல் குறிப்பில் எழுதுங்கள். மூலத்தை முத்திரையிட்டுவிட்டு பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். வட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பினால் காணொளி சுருங்கி ஹாஷ் மாறிவிடும்.

தோட்டப்புறத்தில் சிக்னல் நம்ப முடியாதது. இணையமின்றிப் பதிந்து, பிறகு ஒத்திசைக்கும் மென்பொருளே இங்கே உதவும். கையொப்பமிட்ட வாக்குமூலத்தை ஸ்கேன் செய்தாலும், மூலத்தாளை ஒருபோதும் அழிக்கக் கூடாது.