காக்ரேன் நூலகம்: பொதுச் சுகாதாரப் பணிக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

நலவாழ்வு மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை வகுக்கும்போது, “இது பலன் தரும் என்பதற்குச் சான்று உண்டா?” என்ற கேள்வி எழுந்தால், பெரும்பாலோர் முதலில் திறந்து பார்ப்பது காக்ரேன் நூலகத்தைத்தான். 1993இல் தொடங்கப்பட்ட காக்ரேன் அமைப்பு தயாரித்து, வைலி பதிப்பகம் வெளியிடும் இணையச் சேவை இது. மருந்தையும் அறுவைச் சிகிச்சையையும் எடைபோட இது எவ்வளவு உதவும் என்பது பலரும் எழுதிவிட்ட செய்தி. கைகழுவுதல், உடலுழைப்பு, புகையிலையைக் கைவிடுதல் போன்று மக்களின் அன்றாட வாழ்க்கையோடு பிணைந்த முயற்சிகளை நடத்துவோருக்கு இது என்ன தருகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை மட்டுமே இங்கு பார்க்கிறேன்.

நூலகத்தின் உயிர்நாடி அதன் முறையான மீளாய்வுகள்; அதாவது, ஒரே கேள்வி பற்றிய பல ஆய்வுகளைத் தேடித் திரட்டி எடைபோடும் தொகுப்புகள். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு எந்த ஆய்வுகளைச் சேர்ப்போம், எவற்றை விலக்குவோம் என்பதை முன்கூட்டியே நெறிமுறையாக வெளியிட்டுவிட்டு, பிறகுதான் தேடலைத் தொடங்குகிறார்கள். முடிவு தெரிந்த பின் விதியை வளைக்கும் வாய்ப்பை இந்த ஒழுங்கு பெருமளவு குறைத்துவிடுகிறது. ஒவ்வொரு மீளாய்விலும் இரண்டு பகுதிகள் எனக்கு மிகவும் பயன்படுகின்றன. ஒன்று, முக்கிய முடிவுகளை ஒரே அட்டவணையில் தரும் தொகுப்பு. அதில் ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே சான்றின் உறுதி உயர்ந்தது, நடுத்தரம், குறைந்தது, மிகக் குறைந்தது என நான்கு படிகளில் குறிக்கப்பட்டிருக்கும். மற்றொன்று, சேர்க்கப்பட்ட ஆய்வுகளின் இயல்புகளை விவரிக்கும் நீண்ட அட்டவணை. பலரும் புரட்டாமல் விடும் பக்கங்கள் அவை. களத்தில் நிற்பவருக்கு வேண்டிய சரக்கு அங்கேதான் இருக்கிறது.

கைகழுவுதலை ஊக்குவித்து வயிற்றுப்போக்கைத் தடுப்பது பற்றிய மீளாய்வின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துக்கொள்வோம். குழந்தைகள் காப்பகங்களிலும் பள்ளிகளிலும் வயிற்றுப்போக்கு சுமார் 30 சதவீதமும், குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் குடியிருப்புகளில் 28 சதவீதமும் குறைந்தன என்பது அதன் முதன்மை முடிவு. செய்தித்தாளுக்கு அது போதும். திட்டம் வகுப்பவர் இன்னும் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். அறிவுரையோடு சோப்பையும் இலவசமாகக் கொடுத்த ஆறு ஆய்வுகளில் குறைவு 34 சதவீதம். அறிவுரையோடு நிறுத்திக்கொண்ட இரண்டு ஆய்வுகளில் 16 சதவீதம். வரவுசெலவுத் திட்டத்தில் சோப்புக்கு இடம் உண்டா இல்லையா என்ற விவாதத்தில் முன்வைக்க வேண்டிய எண்கள் இவைதான். கூடவே, பெரும்பாலான ஆய்வுகள் குறுகிய காலமே நடந்தவை என்பதையும், பழக்கத்தை நீண்ட காலம் நிலைக்கச் செய்யும் வழி பற்றி அதிகம் தெரியவில்லை என்பதையும் ஆசிரியர்கள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். இந்த நேர்மை விளம்பரத் துண்டறிக்கைகளில் கிடைக்காது.

அடுத்த கட்டத்தில் சிக்கல் தொடங்குகிறது. பயிற்சி அளித்தவர் யார், எத்தனை முறை வீடு தேடிச் சென்றார், என்ன சொன்னார், தாய்மார் மறுத்தபோது என்ன செய்தார் என்ற கேள்விகளுக்கு மீளாய்வில் கிடைக்கும் விடை ஓரிரு வரிகளைத் தாண்டுவதில்லை. நூலகத்தை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. மூல ஆய்வுக் கட்டுரைகளே இவற்றைச் சரியாக எழுதுவதில்லை. அந்தக் குறையைப் போக்கவே, ஒரு தலையீட்டை, அதாவது சோதிக்கப்படும் சிகிச்சையையோ திட்டத்தையோ, எப்படி விவரிக்க வேண்டும் என்று 12 அம்சங்கள் கொண்ட டைடியர் சரிபார்ப்புப் பட்டியல் 2014இல் வெளிவந்தது. ஆனாலும், இவ்வளவு உழைப்பைக் கொட்டித் தொகுத்தவர்கள் மூல ஆய்வாளர்களிடம் கேட்டுப் பெற்ற பயிற்சிக் கையேடுகளையும் இணைத்துத் தந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஆதங்கம் ஒவ்வொரு முறையும் எழத்தான் செய்கிறது.

நான்கு படி மதிப்பீட்டைப் படிப்பதற்கும் பழக்கம் வேண்டும். மாத்திரை ஆய்வில் யாருக்கு உண்மை மருந்து, யாருக்குப் போலி என்பதை மறைக்கலாம்; கைகழுவச் சொல்லிக் கொடுத்ததை அதைக் கற்றுக்கொண்டவரிடமிருந்து எப்படி மறைப்பது? விளைவும் பெரும்பாலும் பங்கேற்பாளரின் வாய்மொழியாகவே பதிவாகிறது. ஆகவே பிழைச்சாய்வை, அதாவது ஆய்வு முடிவு ஒருபக்கம் சாய்ந்துவிடும் அபாயத்தை, நிறங்களில் காட்டும் படத்தில் அபாயத்தைக் குறிக்கும் சிவப்பும் தெளிவின்மையைக் குறிக்கும் மஞ்சளும் கூடிவிடுகின்றன; சான்றின் உறுதி ஒரு படியோ இரண்டு படியோ கீழிறங்குகிறது. உறுதி குறைவு என்பதைப் பலன் இல்லை என்று படிப்பவர்கள் அலுவலகங்களில் ஏராளம். நிதியைக் குறைக்கக் காரணம் தேடுபவருக்கு அது வசதியான வாசிப்பும்கூட.

இதற்கு ஊரறிந்த எடுத்துக்காட்டு, சுவாசக் கிருமிகளின் பரவலைத் தடுக்கும் வழிகள் பற்றி 2023 ஜனவரியில் வெளியான மீளாய்வுப் பதிப்பு. ‘முகக்கவசம் பயனற்றது என்று காக்ரேன் நிரூபித்துவிட்டது’ என்று உலகெங்கும் பேசப்பட்டது. அந்த வாசிப்பு தவறானது என்றும், கிடைத்த ஆய்வுகளைக் கொண்டு உறுதியான முடிவுக்கு வர இயலவில்லை என்பதே பொருள் என்றும் தலைமை ஆசிரியர் கார்லா சோரஸ்-வைசர் அவ்வாண்டு மார்ச் மாதம் விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று. அந்த மீளாய்வு கேட்ட கேள்வி, முகக்கவசம் அணிவதை ஊக்குவித்தால் பரவல் குறைகிறதா என்பது. ஊடகங்கள் எடுத்துக்கொண்டதோ, அணிந்த கவசம் கிருமியைத் தடுக்கிறதா என்பது. சுருக்கம் எழுதும் விதத்தில் காக்ரேன் இன்னும் கவனம் செலுத்தியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மறுபக்கம், பிறர் சொல்லத் தயங்குவதைச் சொல்லும் துணிவுக்காக இந்த நூலகத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. நோய் அறிகுறி ஏதும் இல்லாத பெரியவர்களுக்குச் செய்யப்படும் பொதுவான உடல் பரிசோதனைகள் பற்றிய மீளாய்வின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு, 2,50,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வுகளைத் திரட்டி, ஒட்டுமொத்த இறப்பிலும் புற்றுநோய் இறப்பிலும் அவற்றால் மாற்றம் இல்லை அல்லது மிகச் சிறிதே என்று முடித்தது. ஒரு முழு வணிகமே நம்பியிருக்கும் நடைமுறை பற்றி இப்படிச் சொல்லச் சார்பற்ற நிலை வேண்டும்.

தலைப்புகளின் பரப்பில் தெரியும் ஏற்றத்தாழ்வு எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் உருவான 1986ஆம் ஆண்டு ஒட்டாவா சாசனம் நலவாழ்வு மேம்பாட்டுக்கு ஐந்து களங்களை வகுத்தது: பொதுக் கொள்கை, சாதகமான சூழல், சமூகத்தின் செயல்பாடு, தனிநபர் திறன்கள், சுகாதாரச் சேவைகளின் திசைமாற்றம். குலுக்கல் முறையில் குழுக்களைப் பிரித்துச் செய்யும் சோதனைக்கு இவற்றில் எளிதில் அடங்குவது தனிநபர் திறன்தான். வரி விதிப்பையோ நடைபாதை அமைப்பையோ அப்படிச் சோதிப்பது கடினம். எனவே நூலகத்தில் அவை மெலிந்தே கிடைக்கின்றன. ஒரு சமூகம் முழுவதிலும் உடலுழைப்பைக் கூட்டும் திட்டங்கள் பற்றிய 2015 மீளாய்வு 33 ஆய்வுகளை அலசியும், அவை மக்கள்தொகை அளவில் பலன் தந்தன என்பதற்கு ஆதரவு காணவில்லை. திட்டம் தோற்றதா, சரிவர நடத்தப்படவில்லையா, அளவிட்ட கருவி போதவில்லையா என்று பிரித்தறிய அந்த மீளாய்வு நமக்கு அதிகம் உதவுவதில்லை.

ஆகவே, காக்ரேனை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பேன். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் நடத்தும் ஹெல்த் எவிடன்ஸ் தளம், பொதுச் சுகாதாரம் சார்ந்த மீளாய்வுகளை மட்டும் திரட்டி, அவற்றின் தரத்தையும் மதிப்பிட்டுத் தருகிறது. அமெரிக்காவில் 1996இல் அமைக்கப்பட்ட சமூகத் தடுப்புச் சேவைகள் பணிக்குழுவின் வழிகாட்டி, சான்றைத் தொகுப்பதோடு நில்லாமல் ‘பரிந்துரைக்கிறோம்’ என்று வெளிப்படையாகச் சொல்கிறது. காக்ரேன் கொள்கையளவில் பரிந்துரை வழங்குவதில்லை. முடிவெடுக்கும் சுமை வாசகருடையது.

பயன்பாட்டைப் பொறுத்தவரை, தேடல் வசதி நன்றாகவே இருக்கிறது. மக்கள், தலையீடு, ஒப்பீடு, விளைவு என நான்கு கூறுகளாகப் பிரித்துத் தேடலாம் என்பதால், கேள்வி தெளிவாக இருந்தால் விடை விரைவில் கிடைக்கும். முழு மீளாய்வு நூறு பக்கங்களைத் தாண்டுவது சாதாரணம் என்பதால், முதலில் முடிவுகளின் தொகுப்பையும் பிறகு ஆய்வுகளின் இயல்புகளையும் படித்துவிட்டு, மற்றவற்றைத் தேவைப்பட்டால் மட்டும் புரட்டுவது நல்லது. சுருக்கங்களும் எளிய நடைச் சுருக்கங்களும் யாவருக்கும் இலவசம். பின்னவற்றில் சில தமிழிலும் உள்ளன. 2013 பிப்ரவரிக்குப் பின் வெளியான முழு மீளாய்வுகள் 12 மாதங்கள் கழிந்ததும் இலவசமாகத் திறக்கப்படுகின்றன. புதியவற்றுக்குச் சந்தா தேவை.

எதையும் மேற்கோள் காட்டுமுன் அந்த மீளாய்வுக்கான தேடல் எந்தத் தேதியில் முடிந்தது என்பதைப் பாருங்கள். வெளியீட்டு ஆண்டு வேறு, தேடல் தேதி வேறு; இரண்டுக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் இடைவெளி இருப்பதுண்டு. நலவாழ்வு மேம்பாட்டுத் தலைப்புகளில் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத மீளாய்வுகளும் உள்ளன. அவற்றுக்குப் பின் வந்த ஆய்வுகளை நீங்களே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.