"ஜிபிஏ குறைவா? இடம் உறுதி" என்னும் முகவர்களிடம் பணம் கட்டும் முன்

சுமாரான மதிப்பெண்ணோடு பட்டம் முடித்து, சில ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு முதுகலைப் படிப்புக்கு முயல்கிற சிங்கப்பூர்த் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜிபிஏ, அதாவது பட்டப்படிப்பின் சராசரி மதிப்பெண் புள்ளி, குறைவாக இருந்தாலும் வெளிநாட்டில் முதுகலை இடம் வாங்கித் தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் நான் 3,600 சிங்கப்பூர் வெள்ளி கட்டினேன். பணம் போனதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். என் பெயரில் பொய்யான மதிப்பெண்ணும், என் பேராசிரியர் எழுதவே எழுதாத ஒரு பரிந்துரைக் கடிதமும் மூன்று பல்கலைக்கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. பின்னால் ஏற்பட்ட சமரசத்தின் நிபந்தனைப்படி அந்த நிறுவனத்தின் பெயரை என்னால் வெளியிட முடியாது. ஆனால் அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்வதற்குத் தடை ஏதும் இல்லை.

உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் படித்து, ஐந்துக்கு 3.2 என்ற புள்ளியோடு வெளியே வந்தவன் நான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இந்த ஐந்து புள்ளி அளவையே பின்பற்றுகின்றன, 3.5 இருந்தால் பட்டத்தில் 'மெரிட்' என்ற சொல் சேரும், அதற்குக் கீழே 3.0 வரை வெறும் ஹானர்ஸ்தான். முதல் இரண்டு ஆண்டுகளில் என் மதிப்பெண் சரிந்து கிடந்தது, கடைசி மூன்று பருவங்களில் நன்றாகவே ஏறியது. பிறகு துவாஸ் பக்கம் ஒரு நீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை கிடைத்தது. சவ்வு வடிகட்டிகளோடு சில ஆண்டுகள் மல்லுக்கட்டிய பிறகு, சுற்றுச்சூழல் பொறியியலில் முதுகலை படிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

ஆலோசகர் ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர். வீட்டுப் பெரியவரைப் போலப் பேசுவார். முதல் சந்திப்பில் என் மதிப்பெண் பட்டியலின் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு, "தம்பி, இத வச்சுக்கிட்டு நீங்களா அப்ளை பண்ணுனா மனுஷன் கண்ணுலயே படாது. கம்ப்யூட்டரே தூக்கிப் போட்டுரும். எங்க மூலமா போனாத்தான் உள்ள பார்ப்பாங்க," என்றார். பட்டியலின் முதல் பக்கத்தை அவர் புரட்டவே இல்லை என்பதை அன்றே கவனித்தேன். மதிப்பெண் எந்தப் பருவத்தில் ஏறியது, எந்தப் பாடத்தில் ஏ வாங்கினேன் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன.

அவர் சொன்னது பெரும்பாலும் உண்மைக்குப் புறம்பானது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நான்குக்கு 3.0 என்ற குறைந்தபட்ச வரம்பு உண்டு என்பது சரிதான். ஆனாலும் விண்ணப்பக் கோப்பை முழுமையாகப் படிப்பது துறையின் சேர்க்கைக் குழு. விதிவிலக்குக்குப் பரிந்துரைக்கிற வழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. பிரிட்டனில் பாடநெறி வழியிலான ஓராண்டு முதுகலைப் படிப்புகளில் கணிசமானவை இரண்டாம் வகுப்புக் கீழ்நிலைப் பட்டத்தையே ஏற்கின்றன, தொடர்புள்ள வேலை அனுபவம் இருந்தால் இன்னும் நெகிழ்கின்றன. என் நிலையில் இருப்பவருக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். முழு உதவித்தொகையோடு ஆய்வுப் படிப்பில் சேர்வது கடினம்தான். ஆனால் முகவரின் தயவு இல்லாமல் கோப்பே திறக்கப்படாது என்பது, மதிப்பெண்ணைப் பற்றி நமக்கு ஏற்கெனவே இருக்கிற கூச்சத்தைக் காசாக்குவதற்காகச் சொல்லப்படுவது.

அவர்கள் தந்த ஒப்பந்தம் நான்கு பக்கம் இருந்தது. விளம்பரத்தில் "இடம் உறுதி" என்றிருந்தது, ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவில் "நிறுவனத்தின் பங்காளிக் கல்வி நிலையங்களில் ஏதேனும் ஒன்றில், ஏதேனும் ஒரு பாடப்பிரிவில்" என்று மாறியிருந்தது. நான் கேட்டது ஐந்து பல்கலைக்கழகங்கள். அவற்றில் இரண்டுக்கு அவர்கள் விண்ணப்பமே அனுப்பவில்லை. காரணம் கேட்டபோது, "அவங்க ரொம்ப ஸ்லோ, தம்பி," என்றார்கள். உண்மையான காரணம் பிறகுதான் தெரிந்தது: அந்த இரண்டும் முகவர்களுக்குத் தரகு கொடுப்பதில்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரைக் கொண்டுவரும் முகவருக்கு அவரது கல்விக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தரகாகத் தருவது வழக்கம். அது சட்டத்திற்கு உட்பட்டதே, அதை ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பல்கலைக்கழகத்திடமும் வாங்கிக்கொண்டு என்னிடமும் வாங்கியதுதான் இங்கே நடந்தது. ஆஸ்திரேலியாவைப் பொறுத்தவரை, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் கல்வி நிலையங்கள் தங்கள் முகவர்களின் பட்டியலை இணையத்தளத்தில் வெளியிட வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டமே சொல்கிறது. எனக்குப் பெயர் சொல்லப்பட்ட ஆஸ்திரேலியப் 'பங்காளி' நிலையம் ஒன்றின் பட்டியலில் இந்த நிறுவனத்தின் பெயர் இல்லை.

அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த 'பதிவுபெற்ற நிறுவனம்' என்ற சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது எல்லா நிறுவனங்களும் வாங்க வேண்டிய வணிகப் பதிவு மட்டுமே; மளிகைக் கடைக்கும் அதுதான். சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டின் தனியார் கல்விச் சட்டத்தின்கீழ் பதிவு, எடுடிரஸ்ட் என்ற தரச் சான்று, கட்டணப் பாதுகாப்புத் திட்டம் ஆகியவை எல்லாம் பாடம் நடத்திப் பட்டமோ சான்றிதழோ தருகிற தனியார் கல்வி நிலையங்களுக்கானவை. வெளிநாட்டுச் சேர்க்கைக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனத்திடம் நாம் கட்டும் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பேநவ் என்ற மின்பணப் பரிமாற்றம் வழியாகப் போன பணம் போனதுதான்.

அந்த நிறுவனம் நடத்திய ஜிஆர்இ (முதுகலைச் சேர்க்கைக்குப் பல பல்கலைக்கழகங்கள் பார்க்கும் தேர்வு) வகுப்பை மட்டும் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் அது வெறும் சோம்பேறித்தனம். 2023 செப்டம்பரிலிருந்து அந்தத் தேர்வு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவானதாகச் சுருக்கப்பட்டுவிட்டது. ஒரு வாதத்தை ஆராய்ந்து எழுதும் கட்டுரைப் பகுதியும் நீக்கப்பட்டது. எங்களுக்குத் தரப்பட்ட நகலெடுத்த புத்தகமோ பழைய தேர்வுக்கானது. தேர்விலேயே இல்லாத அந்தக் கட்டுரையை எப்படி எழுதுவது என்று ஒரு முழு சனிக்கிழமை பாடம் நடந்தது. தேர்வை நடத்தும் அமைப்பே இலவச மாதிரித் தேர்வுகளை இணையத்தில் தருகிறது.

இனி, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகங்களின் விண்ணப்பத் தளத்தில் பரிந்துரையாளரின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் விண்ணப்பதாரர் பதிய வேண்டும். தளமே அவருக்கு ஓர் இணைப்பை அனுப்பும். அவர் அதன் வழியே கடிதத்தை நேரடியாக ஏற்றுவார். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அந்தக் கடிதத்தை, அங்கே படிக்கச் சேர்ந்த பிறகு பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு. கடிதத்துக்கு நம்பகம் இருக்க வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலோர் அந்த உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுகிறோம். என் இறுதியாண்டுத் திட்டப்பணியை மேற்பார்வையிட்ட பேராசிரியரைச் சந்தித்து நான் முன்பே சம்மதம் வாங்கியிருந்தேன். ஆலோசகர், "அவர் பேரு மட்டும் குடுங்க, மத்தத நாங்க பார்த்துக்கிறோம்," என்றார். பேராசிரியரின் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்தே கொடுத்தேன்.

சில வாரங்கள் கழித்து நன்றி சொல்வதற்காகப் பேராசிரியரை அழைத்தபோது, தமக்கு எந்த இணைப்பும் வரவில்லை என்றார். குப்பை மின்னஞ்சல் பெட்டியையும் தேடிப் பார்த்தார், இல்லை. விண்ணப்பத் தளத்தில் நுழைந்து பார்க்கலாம் என்றால், என் கணக்கு நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியில் தொடங்கப்பட்டிருந்தது, கடவுச்சொல் அவர்களிடம். பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். பதிவில் உள்ள முகவரியிலிருந்து எழுதினால்தான் தகவல் தர முடியும் என்று முறைப்படி பதில் வந்தது. என் பெயரில், என் கடவுச்சீட்டு எண்ணோடு இருக்கும் விண்ணப்பத்தை நான் பார்க்க முடியாது. அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற யாரும் பார்க்கலாம். காவல்துறையில் புகார் செய்யப்போவதாக எழுத்தில் தெரிவித்த பிறகுதான் கடவுச்சொல்லைக் கொடுத்தார்கள்.

உள்ளே நுழைந்து 'பரிந்துரைகள்' பகுதியைத் திறந்தேன். பேராசிரியரின் பெயர் சரியாக இருந்தது, பதவியும் சரியாக இருந்தது. மின்னஞ்சல் முகவரி மட்டும் பல்கலைக்கழகத்தினுடையதாக இல்லை. யாரும் இலவசமாகத் தொடங்கக்கூடிய சேவையில், அவர் பெயருக்குப் பின்னால் மூன்று இலக்கங்களைச் சேர்த்து உருவாக்கியிருந்தார்கள். பக்கத்தில் பச்சைக் குறியோடு 'கடிதம் பெறப்பட்டது' என்றிருந்தது. இணைப்பு அனுப்பப்பட்ட நேரத்துக்கும் கடிதம் ஏற்றப்பட்ட நேரத்துக்கும் இடையே பதினொரு நிமிடம். அதுவும் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு. கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதற்கான பெட்டியிலும் எனக்காக அவர்களே குறியிட்டிருந்தார்கள்.

அதே தளத்தில் மதிப்பெண் பகுதியில் நான்குக்கு 3.4 என்றிருந்தது. ஐந்துக்கு 3.2 என்பதை நேர்விகிதத்தில் மாற்றினால் 2.56தான் வரும். "சிங்கப்பூர்ல கிரேடிங் கடுமை தம்பி, எல்லாரும் இப்படித்தான் மாத்துறாங்க," என்பது அவர்கள் தந்த விளக்கம். நேர்விகிதத்தில் மாற்றுவதும் நியாயமாகாது என்பது உண்மையே. அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் எதையும் மாற்றாதீர்கள், மதிப்பெண் பட்டியலில் உள்ள அளவிலேயே பதியுங்கள் என்று விண்ணப்பக் குறிப்பில் எழுதிவைத்திருக்கின்றன. மேலும், இடம் கிடைத்தபின் அதிகாரபூர்வப் பட்டியலை நம் பல்கலைக்கழகத்திலிருந்தே நேரடியாகக் கேட்டு வாங்குவார்கள். 3.4க்கும் 3.2க்கும் உள்ள முரண்பாடு அப்போது வெளிப்படும். விண்ணப்பத்தின் இறுதியில், இதில் உள்ளவை எல்லாம் உண்மை என்று உறுதியளிப்பது விண்ணப்பதாரர்; முகவரின் பெயர் எங்கும் இராது. பொய் தெரியவந்தால் இடம் ரத்தாகும், பட்டம் வாங்கிய பின் தெரியவந்தால் பட்டமும் பறிபோகலாம். 2023இல் கனடாவில் போலிச் சேர்க்கைக் கடிதங்களால் இந்திய மாணவர்கள் பலர் நாடுகடத்தப்படும் அபாயத்தில் நின்றபோதும், கடிதத்தைத் தயாரித்தது முகவர்தான், விசாரணைக் கடிதம் போனது மாணவர் வீட்டுக்கு.

மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் நடந்ததை எழுதி, விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றேன். பேராசிரியரும் தம் அலுவல் முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் அனுப்பி உதவினார். அவருக்குத்தான் என்னைவிடக் கோபம். ஒரு பல்கலைக்கழகம் அடுத்த சுற்றில் நானே நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று பதில் எழுதியது. மற்ற இரண்டும் பெற்றுக்கொண்டோம் என்பதோடு நிறுத்திக்கொண்டன.

பணத்துக்காக முதலில் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகினேன். நிறுவனம் அவர்களுக்கு வழுக்கலாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்ததால், சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போனேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே இரண்டு ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க முடியாது, எதிர்த்தரப்பும் வைக்க முடியாது. சிங்பாஸ் என்ற மின்னடையாளத்தைக் கொண்டு இணையத்திலேயே பதியலாம். ஒப்பந்தம், பேநவ் ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல், விண்ணப்பத் தளத்தின் ஸ்கிரீன்ஷாட்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கியிருந்தேன். பரிந்துரைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததும் ஆலோசகரின் பேச்சு மாறியது. 2,400 வெள்ளியைத் திருப்பித் தந்தார்கள். வகுப்புக் கட்டணம் என்று சொல்லி மிச்சத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் இழுக்க எனக்குப் பொறுமை இல்லை.

இப்போது நானே விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். நோக்கக் கட்டுரையில் முதல் இரண்டு ஆண்டுகளைப் பற்றி இரண்டே வாக்கியம் எழுதியிருக்கிறேன், மீதி முழுவதும் ஆலையில் செய்த வேலையைப் பற்றியது. பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றைப் பேராசிரியரும் இன்னொன்றை ஆலையின் தலைமைப் பொறியாளரும் எழுதுகிறார்கள். உள்ளூரில் சில பட்டமேற் சான்றிதழ்ப் படிப்புகளில் தனித்தனிப் பாடங்களாகப் படித்துத் தேறி, அந்தப் பாடங்களின் கிரெடிட் புள்ளிகளைப் பிறகு முதுகலையோடு சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. வெளிநாட்டில் இடம் கிடைக்காவிட்டால் அதைச் செய்வதாக இருக்கிறேன். அந்தப் பாடங்களில் வாங்கும் நல்ல மதிப்பெண் பழைய 3.2க்குப் பக்கத்தில் வைத்துக் காட்டவும் உதவும். இவற்றில் எதையும் அந்த ஆலோசகர் ஒருமுறைகூட என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குத் தரகு கிடைக்காது.

ஏற்கெனவே இப்படி ஏதாவது ஓர் இடத்தில் பணம் கட்டியிருப்பவர்கள், இன்றே உங்கள் விண்ணப்பக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உங்களுடையதாக இல்லாவிட்டால் கடவுச்சொல்லை வாங்கி, முகவரியை மாற்றிவிட்டு, பரிந்துரையாளர் பகுதியில் உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். என் ஒப்பந்தத்தின் நகலைப் பெயர்களை மறைத்து வைத்திருக்கிறேன். உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன். ஏழாம் பிரிவையும், பணம் திருப்பித் தருவதைப் பற்றிய பதினோராம் பிரிவையும் முதலில் படியுங்கள்.