நீளத்துக்கு வெட்டித் தருகிறோம் என்னும் இரும்புக் கடைகள்: ஓர் எச்சரிக்கை

வீட்டுப் பட்டறைக்கு ஸ்கொயர் பைப் வாங்குபவர்கள், கடையிலேயே சரியான நீளத்துக்கு வெட்டித் தருவதாகச் சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். கோவையில் ஒரு கடையில் 40×40 மி.மீ. அளவும் 2 மி.மீ. கனமும் உள்ள பைப்பை எடுத்து, தலா 1500 மி.மீ. நீளத்தில் எட்டுத் துண்டுகள் வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். வெட்டுக்கூலியைத் தனியாக வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் அளந்து பார்த்தால் ஒரு துண்டுகூட 1500 இல்லை. பெரும்பாலானவை 1497-இல் நின்றன. வெட்டிய முனையில் மூலைமட்டத்தை (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்தபோது ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

பைப்பை வெட்டும் 14 அங்குல கட்டிங் வீல் (மெஷினில் சுழன்று வெட்டும் தட்டு) ஏறக்குறைய 3 மி.மீ. கனம் உடையது, அது இறங்கும் இடத்தில் அவ்வளவு இரும்பும் பொடியாகிவிடும். அந்தக் கடையிலோ பைப்பின் மேல் 1500, 3000, 4500, 6000 என்று நான்கு குறிகளையும் முதலிலேயே சாக்பீஸால் போட்டுவிட்டு, ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் வீலை இறக்கினார்கள். அப்படி வெட்டினால் முதல் துண்டு ஒன்றரை மி.மீ. குறையும், மற்றவை இரு முனைகளிலும் சேர்த்து மூன்று மி.மீ. குறையும். வெட்டத் தொடங்கும் முன்பே இதை எடுத்துச் சொன்னேன். எல்லோருக்கும் இப்படித்தான் வெட்டுகிறோம் என்று மறுத்துவிட்டார்கள். மெஷினில் பைப்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் தேய்ந்து ஆடியதால் வெட்டும் சாய்ந்துபோனது.

திரும்பப் போய்க் கேட்டபோது, வெல்டு வைத்தால் இடைவெளி அடைந்துவிடும் என்றார்கள். இது தவறான யோசனை. 2 மி.மீ. சுவருள்ள பைப்பில் 3 மி.மீ. இடைவெளியை நிரப்பப் போனால் விளிம்பு உருகி ஓட்டை விழும். அதிகமாக ஊற்றிய வெல்டு ஆறும்போது சுருங்கி, சட்டத்தையே கோணலாக இழுத்துவிடும். வெட்டிய சரக்கைத் திரும்ப எடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். பில்லில் எடை மட்டுமே கிலோவில் இருந்தது. நான் கொடுத்த நீளத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாததால் வாதாட வழியில்லாமல் போயிற்று.

ஆகவே வண்டியில் ஏற்றுவதற்காக மட்டும் தாராளமாக நீளம் விட்டுக் கடையில் வெட்டச் சொல்லுங்கள். இறுதி அளவை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 20 அடி என்றால் 6096 மி.மீ.; ஆனால் 6 மீட்டர் பைப்பையும் பேச்சில் 20 அடி என்றே சொல்வதுண்டு. சரியாக 6 மீட்டர் இருந்தால் 1500 நீளத்தில் நான்கு துண்டுகள் வரவே வராது, மூன்று வெட்டுக்கே 9 மி.மீ. போய்விடும். எனவே முழு நீளத்தைக் கண்ணெதிரே அளக்கச் சொல்வது அவசியம். வீட்டில் வெட்டும்போது முனையின் பிசிறை அரத்தால் நீக்கிவிட்டு, டேப்பின் கொக்கி வளைந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால் 100 மி.மீ. கோட்டிலிருந்து அளவைத் தொடங்கி, கடைசியில் அந்த நூறைக் கழித்துக்கொள்ளுங்கள். சாக்பீஸ் கோடே இரண்டு மி.மீ. அகலம் இருக்கும் என்பதால், கூரான ஊசியால் கீறி, மூலைமட்டம் வைத்து நான்கு பக்கமும் கோட்டைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். வீலை எப்போதும் கோட்டின் கழிவுப் பக்கத்தில், அதாவது வேண்டிய துண்டுக்கு வெளியே, இறக்குங்கள். ஒரு துண்டை வெட்டி முடித்த பிறகே அடுத்ததற்குக் குறி போடுங்கள். நீளமான பைப்பின் மறுமுனைக்கு வைஸின் உயரத்திலேயே முட்டுக் கொடுத்தால்தான் வெட்டு நேராக வரும், வீலும் இறுகி உடையாது.

கடையில்தான் வெட்டியாக வேண்டும் என்ற நிலை இருந்தால், துண்டின் நீளத்தையும் எத்தனை மி.மீ. வரை கூடலாம், குறையலாம் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். முதல் துண்டை அளந்து பார்த்த பிறகு மற்றவற்றை வெட்டச் சொல்லுங்கள்.