அட்டகாமாவில் குடிநீர்: வலையா, கடலா, லாரியா?

சிலியின் வடகோடியில், அட்டகாமா பாலைவனத்தில் உள்ள அரிக்கா நகரில் 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை மழையே பதிவாகவில்லை. ஆனால் காமன்சாக்கா என்னும் கடல் மூடுபனி கரையோர மலைகளில் வந்து மோதிக்கொண்டே இருக்கிறது. அதை வலைபோட்டுப் பிடிப்பதா, கடல்நீரை உப்பு நீக்குவதா, லாரியில் கொண்டுவருவதா?

வலையின் செலவு குறைவு. காற்று வரும் திசைக்குக் குறுக்கே இரண்டு கம்பம் நட்டு, நிழல்வலையை இரண்டு அடுக்காகக் கட்டுவார்கள். நீளம் 12 மீட்டர், உயரம் 4 மீட்டர். இழைகளில் மோதும் நுண்துளிகள் திரண்டு வழிந்து, அடியில் உள்ள குழாய் வடிகாலில் விழும். இரண்டு அடுக்குகளும் காற்றில் உரசுவதால் துளிகள் சீக்கிரம் உதிர்கின்றன. பாலைவனத்தின் தென் விளிம்பில், 780 மீட்டர் உயரத்தில் உள்ள எல் டோஃபோ மேட்டில் சதுர மீட்டருக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 3 லிட்டர் கிடைத்தது. அதாவது ஒரு வலைக்கு 144 லிட்டர். 1992 முதல் அந்தத் தண்ணீர் மோட்டார் இல்லாமலே குழாயில் இறங்கிக் கீழே உள்ள சுங்குங்கோ மீனவர் கிராமத்துக்கு வந்தது. அதுவரை லாரித் தண்ணீர்தான், ஆளுக்கு நாளொன்றுக்கு 14 லிட்டர். வலை வந்தபின் சுமார் 33 லிட்டர்.

ஆனாலும் பத்தாண்டுகளில் வலைகள் கைவிடப்பட்டன, லாரி திரும்பி வந்தது. மூடுபனி எங்கும் போய்விடவில்லை. வலை கட்டுவதைவிட அதைக் காப்பதுதான் பெரிய வேலை. இழுவைக் கம்பி தளர்ந்தால் வலை தொய்ந்து, நீர் வடிகாலுக்கு வெளியே சொட்டும். சிறு கிழிசலை அன்றே தைக்காவிட்டால் பலத்த காற்றில் முழு வலையும் போய்விடும். வறண்ட நாட்களுக்குப் பிறகு வரும் முதல் நீரில் தூசியும் உப்பும் கலந்திருக்கும், அதைத் தொட்டியில் சேர்க்காமல் வெளியேற்ற வேண்டும். இதற்கெல்லாம் சம்பளத்துக்கு ஓர் ஆள் இல்லையென்றால் வலை போடவே வேண்டாம்.

கடல்நீர் ஆலைக்குப் பருவம் கிடையாது. கடல்நீரை அழுத்தி நுண்சவ்வு வழியே தள்ளி உப்பை நீக்கும் எதிர்ச் சவ்வூடு பரவலில் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். 100 லிட்டர் உறிஞ்சினால் நன்னீராக வருவது 40, 45 லிட்டர்தான். மிச்சம் கிட்டத்தட்ட இருமடங்கு உப்போடு கடலுக்கே போகும். ஆனால் பணம் கரைவது மேட்டுக்கு ஏற்றுவதில். எஸ்கோண்டிடா செப்புச் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்கு 1,000 லிட்டரை ஏற்றவே கணக்குப்படி 8 யூனிட்டுக்கு மேல், பம்ப் இழப்பையும் சேர்த்தால் 10-ஐத் தாண்டும். உப்பு நீக்கும் செலவு அதற்குப் பக்கத்தில்கூட வராது.

லாரியில் முதலீடு குறைவு, டீசல் செலவு ஓயாது. பீப்பாயில் ஊற்றிவைத்த தண்ணீர் கெடுவதும் உண்டு.

கிட்டத்தட்ட 4 லட்சம் பேர் வாழும் கரையோர நகரமான அன்டோஃபகஸ்டாவில் ஆளுக்கு 150 லிட்டர் என்று வைத்தால், தலைக்கு ஒரு வலை தேவைப்படும்! அங்கே கடல்நீர் ஆலைதான். மூடுபனி தவழும் மேட்டுக்குக் கீழே நூறு வீடு இருந்து, வலையைத் தைக்க ஆளும் இருந்தால், வலை. லாரி இந்த இரண்டும் பழுதாகும் நாட்களுக்கு.