ஏரலில் ஒரு வாரம்: வெள்ளத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

2024 பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் ஏரல், தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. அக்கா வீட்டுச் சுவரில் என் நெஞ்சளவு உயரத்தில் சேற்றுக்கோடு அப்படியே இருந்தது. தாமிரபரணி ஏறிய உயரம் அது.

அந்த மழை கொட்டியது 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். "மார்கழியில பனிதாம்ல பெய்யும், இப்படி மழையை நான் கண்டதே இல்ல" என்றார் ஆச்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. அங்கே ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். கடலும் காற்றும் சூடாகச் சூடாகக் காற்று சுமக்கும் ஈரமும் கூடுகிறது. பெய்தால் இப்படிக் கொட்டித் தீர்க்கும் நாள்கள் இனி அடிக்கடி வரும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்ட பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். அரசின் 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாக அக்காவுக்கு வந்தது. அரையாண்டுத் தேர்வைத் தள்ளிவைத்தார்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளுக்குப் புதுப் பாடநூல்கள் பள்ளியிலேயே கிடைத்தன.

சிக்கல் காகிதங்களில்தான். ஆதாரைத் திரும்ப எடுக்க ஓடிபி வர வேண்டும். போனோ சேற்றோடு போய்விட்டது. கைரேகை வைத்து அதே எண்ணில் சிம் வாங்கிய பிறகுதான் ஆதார் கைக்கு வந்தது. சின்னவனின் பிறப்புச் சான்றிதழை இணையத்திலேயே எடுத்துவிட்டோம். பெரியவளுடையது பழைய பதிவேட்டில் இருந்தது. அதற்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தோம். "நகல் கொண்டுவாங்க" என்றார்கள். நகலும் அசலும் ஒரே பீரோவில்தான் இருந்தன என்று அக்கா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். கடைசியில் பள்ளி மாற்றுச் சான்றிதழில் இருந்த பிறந்த தேதியைக் காட்டியதும் வேறொரு ஊழியர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். பத்தே நிமிடத்தில் பதிவு எண் கிடைத்தது. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

என்னை அதிகம் உறுத்தியது அடுத்த தெருக் குடும்பம். வாழைத்தோட்ட வேலைக்காக வேறு மாவட்டத்திலிருந்து வந்து வாடகைக்கு இருக்கிறார்கள். குடும்ப அட்டை சொந்த ஊரில் இருக்கிறது. அதே சேறு, அதே மொட்டை மாடியில் அதே இரண்டு இரவுகள். ஆனால் நிவாரணத்தொகை இல்லை. நாலாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகன் மேகம் கறுத்தாலே அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பணம் அட்டையைத் தேடிப் போகிறது. பிள்ளையைத் தேடி யாரும் போகவில்லை.

போனவர் ஒருவர் உண்டு, அவனுடைய பள்ளித் தலைமையாசிரியை. தண்ணீர் வடிந்த உடனே தெருத்தெருவாக நடந்து, எந்தப் பிள்ளை எதை இழந்தது என்று ஒரு நோட்டில் எழுதியிருக்கிறார். யாருக்குச் செருப்பு, யாருக்குச் சீருடை, யார் இரவில் அலறுகிறார்கள் எல்லாமே அதில் இருந்தது. குடும்ப அட்டை உண்டா என்ற கேள்வி மட்டும் இல்லை. பயந்து தூங்காத பிள்ளைகளின் பெற்றோருக்கு 14416 என்ற மனநல உதவி எண்ணைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். குழந்தைகளுக்கான 1098-ஐயும் அந்த ஊரில் பலர் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள்.

நாங்கள் சிங்கப்பூரில் காசு சேர்த்துப் பிள்ளைகள் எழுதுவதற்கான நோட்டுகள் அனுப்பியிருந்தோம். அவர் அலமாரியைத் திறந்து காட்டினார். அடுக்கடுக்காக நோட்டுகள், பல ஊர்க்காரர்கள் அனுப்பியவை. "தம்பி, தப்பா நினைக்காதீங்க, நோட்டு போதும். கேட்டுட்டு அனுப்புங்க" என்றவர், தன் நோட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். மூன்று பெயர்களுக்கு நேரே 'கண்ணாடி' என்று எழுதியிருந்தது. மூக்குக்கண்ணாடி வெள்ளத்தில் போய், ஒரு மாதமாகக் கரும்பலகை தெரியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள். மேகத்தைக் கண்டு பயப்படும் அந்தப் பையனும் அதில் ஒருவன்.

மறுநாள் பெற்றோரில் இருவரையும் பிள்ளைகள் மூவரையும் வண்டி பிடித்துத் தூத்துக்குடிக்கு அழைத்துப் போனேன். சோதனை, பிரேம், லென்ஸ் எல்லாம் சேர்த்து ஆன செலவு, நாங்கள் நோட்டுக்குச் செலவழித்ததில் பாதிகூட இல்லை. மிச்சப் பணத்தை எதற்கென்று அவரிடமே கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். சீருடைகளின் அளவை எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.